தலைவருக்கும் ஒரு பயிற்றுநர்

மாட்டேர் பூட்டி உழுத நாட்களில் நிலக்கடலை விதைப்பைக் கண்டவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். மேழியைப் பிடித்தவர் எதிர் வரப்பைப் பார்த்தபடியே நடப்பார். தாம் போட்ட சால் நேராக ஓடுவதாகவே அவருடைய எண்ணம். அவருக்குப் பின்னால் மடியில் பருப்பைக் கட்டிக்கொண்டு, சாலில் ஒவ்வொன்றாக இட்டு வரும் பெண்மணிக்குத்தான் சால் எங்கே கோணியது, எங்கே ஆழம் குறைந்தது என்பது தெரியும். ஏர் பிடித்தவர் தொழில் அறியாதவர் என்பதன்று இதன் பொருள். அவர் நின்ற இடத்திலிருந்து அது தெரியாது, அவ்வளவே.

ஊராட்சித் தலைவராக இருந்தவர், இருப்பவர், இனி வர விரும்புகிறவர், கூட்டுறவுச் சங்க நிர்வாகிகள், நம்மைப் போன்ற அலுவலர்கள் ஆகிய யாவரும் ஏர் பிடித்தவர் நிலையிலேயே இருக்கிறோம். கூட்டத்தில் நாம் எவ்வளவு நேரம் பேசுகிறோம், யாரை இடைமறிக்கிறோம், எவர் எழுந்தால் நம் முகம் சுளிக்கிறது என்பவற்றை நம்மைத் தவிர அங்குள்ள அனைவரும் காண்கின்றனர். கண்டவர் சொல்வதில்லை. அச்சம் காரணமாக இருக்கலாம். மரியாதை காரணமாக இருக்கலாம். நாளைக்கு ஒரு காரியமாக நம்மிடமே வரவேண்டியிருக்கிறதே என்ற முன்யோசனையாகவும் இருக்கலாம். 1955ஆம் ஆண்டில் லஃப்ட், இங்காம் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் இருவர், மனிதனைப் பற்றிய அறிவை நான்கு கண்ணாடிகள் கொண்ட ஒரு பலகணியாக வரைந்து காட்டினர். அவற்றுள் ஒன்று, பிறருக்குத் தெரிந்து தனக்குத் தெரியாத பகுதி. பதவி உயர உயர இக்கண்ணாடி பெரிதாகிறது என்பது நம் அனுபவம்.

இப்பாடத்தை எழுதும் தகுதி நமக்கு ஒரு தவற்றின் வழியாகவே வந்தது. அதை மறைத்துவிட்டு எழுதுவது முறையாகாது.

2022ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் நம் ஒன்றியத்தைச் சேர்ந்த ஒரு சிற்றூரில் கிராம சபைக்குப் பற்றாளராகச் சென்றிருந்தோம். குடிநீர்க்காக ஆழ்துளைக் கிணறு அமைக்க வேண்டும். நிலத்தடி நீர் ஆய்வில் இரண்டு இடங்கள் குறிக்கப்பட்டிருந்தன. ஒன்று சாலையோரம், மேல்நிலைத் தொட்டிக்கு அருகில். மற்றொன்று ஊருக்கு மேற்கே, ஏரிக்கரைக்குக் கீழே. முதல் இடத்தில் குழாயின் நீளம் குறைவு. ஆகவே செலவும் குறைவு. நாம் அதை விளக்கிக்கொண்டிருக்கையில் தொட்டியை இயக்கும் ஓ.எச்.டி. ஆபரேட்டர் எழுந்தார். "ஐயா, அந்தப் பக்கத்து மண்ணு..." என்று தொடங்கினார். "அதையெல்லாம் பொறியாளர் பார்த்துக்கொள்வார், உட்காருங்கள்" என்றோம். சற்று நேரத்தில் மீண்டும் எழுந்தார், மீண்டும் அமர்ந்தார். தீர்மானம் நிறைவேறிற்று.

டிசம்பரில் கிணறு தோண்டினோம். நீர் மாதிரி தேறியது. மறு ஆண்டு சித்திரையில் நீர்மட்டம் இறங்கியதும் உவர்ப்பு ஏறியது. மாட்டுக்கும் துணி துவைக்கவும் ஆகும். வாயில் வைக்க ஆகாது. அந்தக் கோடை முழுவதும் அவ்வூர்ப் பெண்கள் பக்கத்துக் குக்கிராமத்துக்குக் குடத்துடன் நடந்தார்கள். சாலையோரத்தில் முன்னொரு காலத்தில் இருந்த தூர்ந்த கிணறு ஒவ்வொரு கோடையிலும் உவர்த்தது என்பதைச் சொல்லவே அந்த ஆபரேட்டர் எழுந்தார் என்பது நமக்குப் பின்னரே தெரிந்தது. "அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டோம். அவர் பதில் சொல்லாமல் சிரித்தார். இருபது ஆண்டுப் பணியில் நாம் பெற்ற குறிப்பாணைகளுள் எதுவும் அந்தச் சிரிப்பைப் போல நம்மைத் தைத்ததில்லை.

பயிற்சி வகுப்புகள் நமக்குக் குறைவில்லை. மக்கள் பங்கேற்பைப் பற்றி நாமே பலமுறை வகுப்பு எடுத்திருக்கிறோம். அறிவு இருந்தது, அது கூட்டத்தில் நம் நாவுக்கு வந்து சேரவில்லை. இந்த இடைவெளியை நிரப்புவதற்கென்றே உலகில் ஒரு முறை வளர்ந்துள்ளது. பெரிய நிறுவனங்களில் அதனை எக்ஸிகியூடிவ் கோச்சிங் என்பர். தலைமைப் பொறுப்பில் உள்ளவருக்கு அவர் வேலை செய்யும் இடத்திலேயே தனியொருவர் துணைநின்று பயிற்றுவித்தல் எனலாம்.

கோச்சு வண்டி என்ற சொல்லை நம் பாட்டனார்கள் அறிவார்கள். இந்தக் கோச்சும் அந்தக் கோச்சும் ஒன்றே. ஹங்கேரி நாட்டில் கோச் என்று ஒரு கிராமம் உண்டு. 15ஆம் நூற்றாண்டில் அவ்வூர்த் தச்சர்கள் செய்த வண்டி ஐரோப்பா முழுவதும் புகழ்பெற்று, ஊரின் பெயரே வண்டியின் பெயராயிற்று. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆக்ஸ்போர்டு மாணவர்கள், தம்மைத் தேர்வில் கரைசேர்க்கும் தனி ஆசிரியரை வேடிக்கையாகக் கோச்சு என்று அழைத்தனர். அங்கிருந்து அச்சொல் விளையாட்டுத் திடலுக்கும், சென்ற நூற்றாண்டின் இறுதியில் நிறுவனத் தலைவர்களின் அறைக்கும் சென்றது. கிராமத்துத் தச்சர்களிடம் பிறந்த சொல் கிராமத்துக்குத் திரும்பி வருவதில் பிழையொன்றுமில்லை.

இம்முறை எவ்வாறு வேலை செய்கிறது என்பதை விளக்க, வணிகத் தலைவர் ஒருவரைக் காட்டிலும் ஓர் அறுவை மருத்துவரின் கதை நமக்கு அதிகம் பயன்படும். அதுல் கவாண்டே என்பவர் அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் அறுவை மருத்துவர், எழுத்தாளருமாவார். அவருடைய தந்தைவழிப் பாட்டனார் மகாராஷ்டிரக் கிராமமொன்றில் பயிர் செய்து நூறு வயதைக் கடந்து வாழ்ந்த விவசாயி. எட்டு ஆண்டுகள் அறுவை மருத்துவராகப் பணிபுரிந்தபின், தம் திறமை மேலும் வளராமல் ஒரே நிலையில் நிற்பதாகக் கவாண்டே உணர்ந்தார். விளையாட்டு வீரர்களுக்கும் பாடகர்களுக்கும் இறுதிவரை பயிற்றுநர் இருக்கும்போது, கத்தியைப் பிடிக்கும் தமக்கு ஏன் இல்லை என்ற கேள்வி அவருக்கு எழுந்தது. தமக்கு முன்பு தொழில் கற்பித்து ஓய்வு பெற்றுவிட்ட ராபர்ட் ஆஸ்டீன் என்ற மருத்துவரை அணுகி, தாம் அறுவை செய்வதை வந்து பார்க்கும்படி வேண்டினார். 2011ஆம் ஆண்டில் நியூ யார்க்கர் இதழில் இதனைக் கட்டுரையாகவும் எழுதினார்.

கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியை அகற்றும் சிகிச்சை அது. ஆஸ்டீன் மூலையில் ஒரு சிறு படியின்மேல் ஏறி நின்றுகொண்டார். கையில் குறிப்புத்தாள். வாய் திறந்து இடையில் எதுவும் சொல்லவில்லை. சிகிச்சை நன்றாகவே முடிந்தது. கவாண்டேவுக்குக் குறையொன்றும் தென்படவில்லை. அதன்பின் இருவரும் அமர்ந்தபோது குறிப்புத்தாள் நிறைய எழுதப்பட்டிருந்தது.

நோயாளியின்மேல் துணி விரித்திருந்த முறை கவாண்டேவுக்கு வசதியாக இருந்தது. அதே துணி உதவியாளரை நெருக்கி, அவர் கையை முடக்கிவிட்டது. சில வேளைகளில் கவாண்டேவின் முழங்கை தோள் உயரத்துக்கு எழும்பியது. முழங்கை அவ்வளவு உயர்ந்தால் கையில் நுட்பம் குறையும், அப்போது காலை நகர்த்தி நிற்கவேண்டும், அல்லது கருவியை மாற்றவேண்டும். இவை போகட்டும். விளக்கின் ஒளி காயத்தைவிட்டு விலகிப்போய், ஏறத்தாழ அரைமணி நேரம் அவர் பக்கங்களிலிருந்து பட்டுத் தெறித்த வெளிச்சத்திலேயே அறுத்துக்கொண்டிருந்தார். அது அவருக்குத் தெரியவே இல்லை.

இதில் ஊன்றிக் கவனிக்கவேண்டியது முதற்குறிப்பு. மருத்துவருக்கு வசதியாக விரிந்த துணி உதவியாளரின் கையைக் கட்டியது. தலைவர் தமக்குத் தாராளமாக இடம் எடுத்துக்கொள்ளும்போது யாருக்கு இடம் சுருங்குகிறது என்பது தலைவரின் கண்ணுக்கு அகப்படாது. நம் கூட்டத்தில் இடம் சுருங்கியவர் அந்த ஆபரேட்டர்.

ஆஸ்டீன் செய்தவற்றையும் செய்யாதவற்றையும் பிரித்துப் பார்ப்போம். அவர் மேலதிகாரியாக வரவில்லை. அறிக்கை எழுதி எங்கும் அனுப்பவில்லை. "நீர் கவனமற்றவர்" என்று குணத்தைச் சொல்லவில்லை. முழங்கை, துணி, விளக்கு என்று கண்ணால் கண்டதைச் சொன்னார். தணிக்கையாளர் கணக்கைப் பார்க்கிறார். பயிற்சி மையத்தார் பாடத்தைச் சொல்கிறார்கள். பயிற்றுநரோ வேலை நடக்கும்போது வேலை செய்பவரைப் பார்க்கிறார். தணிக்கையோடு இதனைக் குழப்பிக்கொண்டால் காரியம் கெட்டுவிடும்.

பெரிய நிறுவனங்களிலும் இம்முறை எளிதில் வரவேற்கப்படவில்லை. கூகுள் நிறுவனத்தின் தலைமை நிர்வாகியாக எரிக் ஷ்மிட் 2001ஆம் ஆண்டில் பொறுப்பேற்றபோது, ஒரு பயிற்றுநரை வைத்துக்கொள்ளும்படி இயக்குநர் ஒருவர் யோசனை கூறினார். அனுபவம் மிக்க தமக்கு எதற்கு என்று அவர் மனம் புண்பட்டார். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கால்பந்துப் பயிற்றுநராக இருந்து பின்னர் தொழில்துறைக்கு வந்த பில் காம்ப்பெல்தான் அந்தப் பயிற்றுநர். பிற்காலத்தில் ஷ்மிட், தாம் பெற்ற அறிவுரைகளுள் அதுவே தலைசிறந்தது என்று வெளிப்படையாகக் கூறினார். முதலில் புண்பட்டவர் என்பதாலேயே அவர் சொல்லுக்கு மதிப்பு உண்டு.

தனிப்பட்டோர் புகழ்ச்சி இருக்கட்டும். அளந்து பார்த்தவர்கள் கண்டது என்ன? நிதித்துறையைச் சேர்ந்த ஒரு பன்னாட்டு நிறுவனத்தில் 1,361 மூத்த மேலாளர்களை வைத்து நடந்த ஆய்வு 2003ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அவர்கள் அனைவரும் தம் நடத்தை பற்றிப் பிறர் கூறிய மதிப்பீட்டைப் பெற்றவர்கள். அவர்களுள் 404 பேர் மட்டும் பயிற்றுநருடன் அமர்ந்து அதனை ஆராய்ந்தனர். பயிற்றுநர் துணை பெற்றவர்கள் பொதுவாக "மேம்படுவேன்" என்று சொல்வதோடு நில்லாமல் திட்டவட்டமான இலக்குகளை வகுத்தனர். மேலதிகாரிகளிடம் யோசனை கேட்டனர். ஓராண்டுக்குப் பின் அவர்கள்கீழ் பணிபுரிவோர் அளித்த மதிப்பீடும் மற்றவர்களைவிட உயர்ந்திருந்தது. உயர்வு சிறிதளவே என்பதையும் அவ்வாய்வு ஒளிக்காமல் கூறிற்று. இதனை மந்திரக்கோலாக விற்பவர்களை நம்பவேண்டாம் என்பதற்காகவே இதனைக் குறிப்பிடுகிறோம்.

குறை சொல்லுதல் எப்போதும் நன்மை தரும் என்பதும் தவறு. குளூகர், டெனிசி என்ற ஆய்வாளர்கள் அதுவரை நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 1996ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவின்படி, பிறர் மதிப்பீட்டைத் தெரிவித்தபின் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட இடங்களில் வேலை முன்பைவிட மோசமாயிற்று. சொல்லும் சொல் வேலையைவிட்டு ஆளின்மேல் பாயும்போது, கேட்பவர் தம்மைக் காத்துக்கொள்வதிலேயே ஈடுபடுகிறார். வேலை பின்தங்கிவிடுகிறது என்று அவர்கள் விளக்கினர். "தலைவருக்கு அகங்காரம்" என்று சொன்னால் சண்டை வரும். "தலைவர் பதினொரு முறை இடைமறித்தார்" என்று எண்ணிச் சொன்னால் அவர் மறுக்க இடமில்லை, மாற்றிக்கொள்ள இடமுண்டு.

இவற்றையெல்லாம் படித்தபின் நாம் ஒரு துணிவான காரியம் செய்தோம். ஒன்றியத்தின் மற்றொரு கிராமத்தில் வாழும் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவரை அணுகினோம். நம் அலுவலகத்தில் அவருக்கு ஆகவேண்டிய காரியம் எதுவுமில்லை, யாருக்கும் உறவினருமல்லர். தலைவர் அம்மையாரின் ஒப்புதலைப் பெற்று, 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் நடந்த கிராம சபையில் பின்வரிசையில் வேப்பமர நிழலில் அவர் அமர்ந்தார். கையில் பள்ளிக்கூடக் காலத்துப் பழக்கமாக ஓர் அட்டையும் கைக்கடிகாரமும்.

மறுநாள் அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து தாளைப் பார்த்தோம். கூட்டம் 94 நிமிடம் நடந்தது. அதில் நாம் பேசியது 41 நிமிடம். தலைவர் அம்மையார் பேசியது 9 நிமிடம். நாம் இடைமறித்தது பதினொரு முறை. அவற்றுள் நான்கு முறை தலைவர் அம்மையாரையே. ஐந்து கேள்விகளை அவையைக் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் மூன்றுக்கு நாமே விடை சொல்லியிருந்தோம். மகளிர் குழுவைச் சேர்ந்த ஒருவர் பேசியபோது கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சட்டப்படி தலைமை வகிக்க வேண்டியவர் அவர். பார்வையிட வந்தவர் நாம். தாளின்படி பார்த்தால் முறை தலைகீழாக இருந்தது.

நமக்குக் கோபம் வந்தது. "திட்ட விதிகளை விளக்காமல் எப்படி நடத்துவது, சார்?" என்று வாதிட்டோம். அவர் மறுத்துப் பேசவில்லை. "உண்மைதான், ஐயா. விளக்கத்தானே வேண்டும். இரண்டாவதாக எழுந்த பெரியவர் என்ன கேட்டார் என்று நினைவிருக்கிறதா?" என்றார். நினைவில்லை. "அவருக்கு நாம் சொன்ன பதில்?" அது முழுவதும் நினைவிருந்தது. அவர் அதற்குமேல் எதுவும் சொல்லாமல் மோர் கொண்டுவரச் சொன்னார். நல்ல பயிற்றுநர் விடையைக் கையில் வைத்துக்கொண்டே கேள்வியைக் கேட்பவர் என்பதை அன்று கண்டோம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் திருத்த அவர் இசையவில்லை. ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். எவரும் பேசி முடித்தபின் மனத்துக்குள் ஐந்து எண்ணிவிட்டு வாய் திறப்பது என்று முடிவு செய்தோம். அதனைத் தலைவர் அம்மையாரிடமும் ஊராட்சி செயலரிடமும் முன்கூட்டியே தெரிவித்தோம். இது மிகவும் முக்கியம். அமெரிக்கப் பயிற்றுநர் மார்ஷல் கோல்ட்ஸ்மித்தும் அவருடைய கூட்டாளியும் எட்டு நிறுவனங்களில் பார்த்து 2004ஆம் ஆண்டில் எழுதியது யாதெனில், தாம் மாற்றிக்கொள்ள விரும்புவதை உடன் பணிபுரிவோரிடம் சொல்லி, அடிக்கடி அவர்களிடம் போய் "இப்போது எப்படி?" என்று கேட்ட தலைவர்களே மாறினார்கள் என்பதாகும். மனத்துக்குள் வைத்துக்கொண்ட உறுதி மனத்துக்குள்ளேயே தங்கிவிடுகிறது.

இம்முறையின் எல்லையையும் அறிந்துகொள்ள வேண்டும். உத்தரப்பிரதேசத்தில் 24 மாவட்டங்களில் 120 அரசுப் பிரசவ நிலையங்களை எடுத்துக்கொண்டு, மேற்சொன்ன கவாண்டேவும் பிறரும் ஒரு பெரிய சோதனை நடத்தினர். முடிவு 2017ஆம் ஆண்டில் வெளியாயிற்று. பாதி நிலையங்களில் செவிலியர்களுக்கு எட்டு மாதம் பயிற்றுநர் துணை கிடைத்தது. இரண்டு மாதத்தில், செய்யவேண்டிய முறைகளை அவர்கள் ஏறத்தாழ 73 விழுக்காடு கடைப்பிடித்தனர். துணை பெறாத நிலையங்களில் அது 42 விழுக்காடு. பயிற்றுநர்கள் வருவது நின்று நான்கு மாதம் ஆனபின் 73 என்பது 62 ஆகக் குறைந்துவிட்டது. தாய் சேய் மரணங்களோ இரு வகை நிலையங்களிலும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தன. நடத்தை மாறிற்று, ஆயினும் உயிர் காக்க அது மட்டும் போதவில்லை. தலைவர் பொறுமையாகக் கேட்பதனால் மட்டும் உவர்நீர் நன்னீராகிவிடாது. சரியான இடம், நிதி, பொறியாளரின் அறிவு யாவும் வேண்டும். கேளாமல் இருந்தால் சரியான இடம் எது என்பதே தெரியாமல் போகும் என்பது வரையில்தான் நம் வாதம்.

நம் ஊராட்சிகளில் இதனைச் செய்துபார்க்க விரும்புவோருக்குச் சில சொற்கள். பயிற்றுநரைத் தேர்ந்தெடுப்பதில்தான் பெரும்பாலும் பிழை நேரும். வட்டார வளர்ச்சி அலுவலர் உங்களுக்குப் பயிற்றுநராக முடியாது. அவர் ஆய்வு செய்து அறிக்கை அனுப்புபவர். ஊராட்சி செயலரும் ஆகார். உங்கள் கீழ் வேலை செய்பவர் உங்களிடம் எவ்வளவு உண்மை சொல்வார்? அடுத்த தேர்தலில் நிற்க எண்ணியிருப்பவரைப்பற்றிச் சொல்லவே வேண்டுவதில்லை. பக்கத்து ஊராட்சியின் முன்னாள் தலைவர், ஓய்வு பெற்ற ஆசிரியர், அஞ்சலக அலுவலர், கூட்டுறவுச் சங்கத்தில் நெடுநாள் இருந்த விவசாயி ஆகியோருள் ஒருவர் பொருந்துவார். இரண்டு தலைவர்கள் ஒருவர் கூட்டத்துக்கு மற்றவர் சென்று மாற்றி மாற்றிப் பார்ப்பது எல்லாவற்றிலும் எளிது.

பெண் தலைவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்லவேண்டும். கணவரோ மைத்துனரோ அருகில் அமர்ந்து எடுத்துக்கொடுப்பதைப் பயிற்சி என்று சிலர் சொல்லிக்கொள்கிறார்கள். அது பயிற்சி அன்று; நாற்காலியைப் பறிக்கும் மரியாதையான வழி. பயிற்றுநர் கூட்டத்தில் வாயே திறக்கக்கூடாது. திறந்தால் அன்றைக்கே அவரை மாற்றிவிடலாம்.

குறித்த தாள் தலைவருக்கு மட்டுமே உரியது. அது கூட்டத்தில் வாசிக்கப்படக்கூடாது. தேநீர்க் கடைக்குப் போகக்கூடாது. அலுவலகக் கோப்பில் சேரக்கூடாது. பேசிய நிமிடம், இடைமறித்த எண்ணிக்கை, கேட்ட கேள்வி, பேசாமலே வீடு திரும்பியவர்கள் ஆகிய நான்கைக் குறித்தால் முதல் முறைக்குப் போதும். கடைசியாகச் சொன்னதைக் குறிப்பது கடினம். பயனும் அதிலேதான் அதிகம். நிறுவனங்கள் இதற்குப் பெரும்பொருள் செலவிடுகின்றன. நமக்கு ஆகும் செலவு பேருந்துக் கட்டணமும் ஒரு டம்ளர் மோரும்.

அக்டோபர் 2ஆம் நாள் கூட்டத்தில் தலைமையாசிரியர் மீண்டும் வந்தார். நாம் பேசியது 26 நிமிடம். ஐந்து எண்ணுவதற்குள் அவை முழுவதும் நம்மைப் பார்ப்பது போலிருந்தது. அந்த அமைதியைத் தாங்குவது எளிதன்று. நவம்பர் 1ஆம் நாள் மூன்றாம் முறை 17 நிமிடம். தலைவர் அம்மையார் 31 நிமிடம் பேசினார். தமக்கும் இவ்வாறு ஒருவர் வேண்டுமென்று கேட்டு, பக்கத்து ஊராட்சித் தலைவரோடு கூட்டங்களை மாற்றிப் பார்க்க ஏற்பாடு செய்துகொண்டார். ஓ.எச்.டி. ஆபரேட்டர் அன்று நான்கு நிமிடம் பேசினார். ஏரிக்கரைக்குக் கீழே உள்ள இடத்திலும் வடமேற்கு மூலையை விட்டுத் தெற்கே தள்ளித் தோண்டவேண்டும், மூலையில் பாறை உண்டு என்றார். பொறியாளர் அதனைக் குறித்துக்கொண்டு மறுநாள் சென்று பார்த்தார்.

கைபேசியைப் பார்ப்பது மட்டும் இன்னும் நிற்கவில்லை. மூன்றாம் தாளிலும் அது ஆறு முறை என்று எழுதப்பட்டிருக்கிறது.